கில்மோர் கீயில் ஒரு வாரம்: அயர்லாந்து மீனவக் கிராமத்தில் வீடெடுத்துச் சமைத்துத் தங்க முழுமையான வழிகாட்டி

அயர்லாந்து போகிறோம் என்றால் பெரும்பாலும் மோஹர் பாறைச்சரிவு, கால்வே, கில்லார்னி, கார்க் என்று நாளுக்கொரு ஊராகத் திட்டம் போட்டுவிடுகிறோம். பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாகவே பாதி விடுமுறை போய்விடும். ஒரே ஊரில் ஒரு வீட்டை வார வாடகைக்கு எடுத்து, நாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவது இன்னொரு வழி. அங்கே அதை ‘செல்ஃப் கேட்டரிங்’ என்பார்கள். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் கட்சி. மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டுக் கட்டுப்படியாகும் நாடும் அல்ல அது.

இதற்கு நான் சிபாரிசு செய்யும் ஊர் கில்மோர் கீ. தென்கிழக்கு மூலையில், வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்தின் தென்கரையில் இருக்கிறது. டிங்கிள், கின்சேல் அளவுக்குப் பெயர் பெற்ற ஊர் அல்ல. அது நமக்கு நல்லதுதான். சில நூறு பேர் வாழும் ஊர், வெள்ளையடித்த கூரை வீடுகள், உண்மையிலேயே மீன்பிடிக்கிற துறைமுகம், எதிரே கடலில் இரண்டு தீவுகள். அயர்லாந்திலேயே வெயில் அதிகம் அடிக்கும் பகுதி இந்தத் தென்கிழக்குதான். அயர்லாந்துக் கணக்கில் வெயில் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த மாதம் போவது

முதலில் தீர்மானிக்க வேண்டியது வீடு அல்ல, மாதம். எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது அது.

கடற்பறவைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மே நடுவிலிருந்து ஜூலை முதல் பாதி வரை. எதிரே உள்ள பெரிய சால்ட்டி தீவில் பஃபின் பறவைகள் ஏப்ரல் வாக்கில் வந்து இறங்கும். ஜூலை முடிவதற்குள் கடலுக்குப் போய்விடும். ஆகஸ்டில் போய்விட்டு பஃபின் எங்கே என்று தேடிப் பயனில்லை. கேனட் என்னும் பெரிய வெள்ளைக் கடற்பறவைகள் இலையுதிர்காலம் வரை இருக்கும்.

கானாங்கெளுத்தி பிடிக்க ஆசை என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை. கூட்டமும் வாடகையும் குறைவாக இருக்க வேண்டுமென்றால் மே, ஜூன் தொடக்கம் அல்லது செப்டம்பர். அயர்லாந்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஜூன் முதலும் தொடக்கப் பள்ளிகளுக்கு ஜூலை முதலும் விடுமுறை. அந்த ஊர்க்காரர்களே இப்படிப்பட்ட வீடுகளை முந்திக்கொண்டு எடுத்துவிடுவார்கள். ஜூலையில் ஊரில் கடலுணவுத் திருவிழாவும் வரும்; அந்த வாரம் வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே பேசி வையுங்கள்.

என் தேர்வு ஜூன் முதல் பாதி. இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். குழந்தைகளைத் தூங்க வைப்பதுதான் பாடு. படுக்கையறையில் கனமான திரை உண்டா என்று கேட்டு வையுங்கள். டிசம்பரில் நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். புயலடிக்கும் கடலை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு கணப்படுப்பு முன்னால் உட்காரப் பிடிக்கும் என்றால் மட்டும் குளிர்காலம்.

2. விசாவும் பயண வழியும்

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கன் பகுதியில் இல்லை. ஷெங்கன் விசாவை நம்பிக் கிளம்பினால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அயர்லாந்துக்கென்று தனி விசா எடுக்க வேண்டும். பிரிட்டனுக்குச் சுற்றுலா விசா எடுக்கும் இந்தியர்களுக்கு அதில் ‘பி.ஐ.வி.எஸ்.’ என்ற குறிப்பு இருந்தால், முதலில் பிரிட்டனில் இறங்கிவிட்டு அதே விசாவில் அயர்லாந்துக்கும் போகலாம். ஆனால் லண்டனில் வேலை விசாவில் இருப்பவர்கள் படகேறினால் போதும் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் அயர்லாந்துக்கென்று தனி விசா எடுக்க வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால் டிக்கெட் போடுமுன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

டப்ளின் விமான நிலையத்திலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் ஆகும். எம்50 சுற்றுச்சாலை, அப்புறம் தெற்கே எம்11, வெக்ஸ்ஃபர்ட் நகரைச் சுற்றிக்கொண்டு ஆர்739 என்ற சிறு சாலை. அது துறைமுகத்திலேயே போய் முடிகிறது. எம்50-இல் சுங்கச்சாவடி என்று எதுவும் கண்ணில் படாது. கேமரா வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் இணையத்திலோ கடையிலோ கட்டிவிட வேண்டும். வாடகைக் கார் என்றால் அந்தக் கட்டணத்தை நிறுவனமே கட்டுகிறதா, நாம் கட்ட வேண்டுமா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

பிரிட்டனிலிருந்து சொந்தக் காரில் வருபவர்களுக்கு வேல்ஸின் ஃபிஷ்கார்டிலிருந்தும் பெம்ப்ரோக்கிலிருந்தும் ரோஸ்லேர் துறைமுகத்துக்குக் கப்பல் உண்டு. பிரான்சின் ஷெர்பூரிலிருந்தும் உண்டு. ரோஸ்லேரிலிருந்து கிராமம் அரை மணி நேரம்தான்.

அங்கே நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாக இருக்கும்வரை, சுற்றுலாவாக வருபவர்கள் அதை வைத்தே ஓட்டலாம். கிராமப்புறச் சிறு சாலைகளில் வேக வரம்பு 2025 பிப்ரவரியில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. அந்தச் சாலைகளைப் பார்த்தால் 60 கூட அதிகம் என்றுதான் தோன்றும்: இரண்டு பக்கமும் உயர்ந்த வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் இடம், எதிரே டிராக்டர். யாருக்கு ஒதுங்க இடம் பக்கத்தில் இருக்கிறதோ அவர் பின்வாங்குவார். வழிவிட்டால் எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அதுதான் அங்கே வணக்கம், நீங்களும் தூக்குங்கள்.

கார் இல்லாமல் வர முடியாதா என்றால், முடியும். டப்ளின் கொனலி நிலையத்திலிருந்து வெக்ஸ்ஃபர்ட் வரை ரயில், பிறகு பேருந்து அல்லது டாக்சி. ஆனால் கிராமத்துப் பேருந்துகள் குறைவு. ஒரு வாரச் சாமானைத் தூக்கிக்கொண்டு அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

3. வீட்டைத் தேர்ந்தெடுப்பது

கோடையில் பல வீடுகளை சனி முதல் சனி வரை என்று முழு வாரமாகத்தான் தருவார்கள். மற்ற மாதங்களில் இரண்டு மூன்று இரவுகளுக்கும் கிடைக்கும். கிடைத்தாலும் முழு வாரமாகவே எடுங்கள் என்பேன். காரணம் காற்று. தீவுக்குப் படகு போகுமா போகாதா என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். மூன்று நாள் மட்டும் தங்கி, மூன்று நாளும் காற்றடித்தால் வந்த காரியமே நடக்காது. ஏழு நாளில் ஒரு நாளாவது கடல் அடங்கும்.

கூரை வீடு எடுப்பதா, புதிய வீடு எடுப்பதா? கூரை வீடுகள் பார்க்க அழகு. பழைய வீடுகள் பலவற்றின் சுவர் மண்ணால் ஆனது, இரண்டடி தடிமன் இருக்கும். வெளியே காற்று ஊளையிட்டாலும் உள்ளே சத்தம் வராது. ஆனால் ஜன்னல் சிறிது, நிலைப்படி தாழ்வு. உயரமானவர்கள் முதல் நாளே ஒருமுறை இடித்துக்கொள்வார்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கும். முட்டிவலி உள்ள அம்மா அப்பாவோடு போனால் தரைத்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் உள்ள புதிய வீடுதான் சரி.

பணம் கட்டுமுன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. மின்சாரம் வாடகையில் அடங்குமா, மீட்டர் பார்த்துத் தனியா? பல வீடுகளில் வந்த அன்றும் போகும் அன்றும் மீட்டரைக் குறித்துக் காசு வாங்குவார்கள். படுக்கை விரிப்பு இருக்கும், துண்டு இருக்குமா? துணி துவைக்கும் இயந்திரம் பெரும்பாலும் இருக்கும், உலர்த்தும் இயந்திரம் உண்டா? ஈரக்காற்றில் ஜீன்ஸ் காய இரண்டு நாளாகும். அடுப்பு எந்த வகை? இதுதான் நமக்கு முக்கியம். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் ஊரிலிருந்து தூக்கிப்போகும் அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. அடிப்பாகம் காந்தத்தில் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும்.

கடைசியாக வீட்டின் ‘எயர்கோட்’ என்ன என்று கேட்டு வாங்குங்கள். ஏழு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு, 2015-இல் வந்தது. வீட்டுக்கு வீடு தனி எண். கிராமத்தில் பல வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. இந்தக் குறியீட்டை வரைபடத்தில் போட்டால் நேராக வாசலில் கொண்டு விடும். அதை எழுதிக் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டி வையுங்கள். அவசரத்துக்கு 112 அல்லது 999-ஐ அழைத்தால் இடத்தைச் சொல்ல இதைவிட விரைவான வழியில்லை.

4. எதை எடுத்துப் போவது, எதை அங்கே வாங்குவது

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பயணப்பெட்டியில் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, தயிரில் ஊறிய மோர்மிளகாய் எல்லாம் இதில் அடங்கும். இப்போது பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கும் இதே விதி. பச்சையான இலை, காய், பழத்துக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். ஆகவே கறிவேப்பிலைக் கட்டும் கூடாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், டுரியான் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மீன் வகைக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி இருப்பதால், வேடிக்கையாக, கருவாடு சட்டப்படி வரலாம். ஆனால் கூரை வீட்டில் அதை வறுத்துவிட்டு வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: சாம்பார்ப் பொடி, மீன் குழம்புப் பொடி, ரசப்பொடி, புளி, பெருங்காயம், கடுகு, வெந்தயம், இட்லிப்பொடி. பொன்னி அரிசி இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் அதையும். மற்றதெல்லாம் வெக்ஸ்ஃபர்ட் நகரத்து டெஸ்கோ, டன்ஸ், லிடில், ஆல்டி கடைகளில் கிடைத்துவிடும்: பாஸ்மதி, தேங்காய்ப்பால் டப்பா, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, தயிர். துவரம்பருப்பு கிடைப்பது அரிது. சிவப்பு மைசூர்ப் பருப்பு எங்கும் உண்டு, சாம்பார் அதில் வைத்தால் கால் மணியில் வெந்துவிடும். கறிவேப்பிலை வேண்டுமென்றால் டப்ளினைத் தாண்டுமுன் வாங்கிவிடுங்கள். மூர் தெருப் பக்கம் ஆசியக் கடைகள் உண்டு.

பெரிய வாங்கலை வெக்ஸ்ஃபர்டில் முடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைவது நல்லது. கிராமத்துச் சிறுகடை பால், ரொட்டி, முட்டைக்குத்தான்.

தண்ணீர் பாட்டிலும் குளிர்பான டப்பாவும் வாங்கும்போது பில்லில் கூடுதலாக 15 சென்ட், 25 சென்ட் என்று விழும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய முன்வைப்புத் தொகை அது. காலி பாட்டிலை நசுக்காமல் வைத்திருந்து சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். கடையில் காட்டிக் காசை வாங்கிக்கொள்ளலாம். குழந்தைகளிடம் இந்த வேலையை விட்டால் ஐஸ்கிரீமுக்குத் தேறும்.

5. முதல் மாலை: வீட்டைப் பழகுவது

சாவி பெரும்பாலும் வாசலில் எண் பூட்டுப் பெட்டிக்குள் இருக்கும். உள்ளே போனதும் முதலில் மீட்டரைப் படம் எடுங்கள். அடுத்து சுடுதண்ணீர்.

அயர்லாந்து வீடுகளில் ஒரு சிறு அலமாரிக்குள் பெரிய செம்புத் தொட்டி நிற்கும். துணியால் சுற்றிய மாதிரி பஞ்சுறை போட்டிருப்பார்கள். அதைச் சூடாக்கும் மின்சாதனத்துக்கு ‘இம்மர்ஷன்’ என்று பெயர். சுவரில் இரண்டு பொத்தான்கள் சேர்ந்த ஒரு சுவிட்ச் இருக்கும்: ஒன்று போட்டு அணைக்க, இன்னொன்றில் ‘சிங்க்’, ‘பாத்’ என்று இரண்டு பக்கம். சிங்க் பக்கம் தட்டினால் தொட்டியின் மேற்பகுதி மட்டும் சூடாகும். பாத்திரம் கழுவப் போதும். பாத் பக்கம் தட்டினால் தொட்டி முழுவதும் சூடாகும்; மின்சாரமும் அப்படியே ஓடும். இதை அணைக்க மறப்பது அந்த நாட்டுக் குடும்பங்களில் பரம்பரையாக வரும் சண்டை. மீட்டர் கணக்கு உங்கள் தலையில் என்றால் நீங்களும் அந்தச் சண்டையில் சேர்ந்துவிடுவீர்கள். குளிக்கும் ஷவர் தனி மின்சாரத்தில் ஓடுவதும் உண்டு. அப்படியானால் கூரையிலிருந்து தொங்கும் கயிறு ஒன்றை இழுத்தால்தான் அது வேலை செய்யும். தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரை அழைக்குமுன் மேலே பாருங்கள்.

கணப்படுப்பு இருந்தால் அதற்கு விறகும் தீமூட்டும் கட்டியும் பெட்ரோல் நிலையத்திலேயே விற்பார்கள். சாம்பலை முழுவதும் ஆறவிட்டு இரும்பு வாளியில்தான் எடுக்க வேண்டும். கூரை வீட்டில் இதில் விளையாட்டே கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் புகைமணி. கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழுந்த நொடியில் அது அலறும். தாளிக்குமுன் ஜன்னலைத் திற, அடுக்களைக் கதவைச் சாத்து, புகைபோக்கி விசிறியைப் போடு: இந்த வரிசை பழகிவிட்டால் போதும். மணியைக் கழற்றி வைப்பது மட்டும் கூடாது. எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். கிராமத்துக்கு வெளியே உள்ள வீடுகளில் கழிவுநீர் தோட்டத்துத் தொட்டிக்குத்தான் போகும், அடைத்துக்கொண்டால் நாற்றம் நமக்குத்தான்.

6. மீன்

துறைமுகத்தில் இறங்கியதும் ஏலமும் கூச்சலும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பெரிய படகுகளில் வரும் ஸ்காலப் சிப்பியும் நண்டும் இறாலும் பெட்டி பெட்டியாக லாரியில் ஏறி, பெரும்பகுதி பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போய்விடும். நாம் வாங்க வேண்டியது மீன் கடையில். ஞாயிறும் திங்களும் பல மீன் கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமை வந்து இறங்குபவர்கள் முதல் இரண்டு நாளைக்குச் சைவமாகத் திட்டம் போடுவது புத்திசாலித்தனம்.

எந்த மீன் எதற்கு ஆகும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். மக்கரல் என்பது நம் கானாங்கெளுத்தியின் உறவு. எண்ணெய்ச் சத்து அதிகம், புளிக்குழம்புக்கு அருமை, ஆனால் அன்றைக்கே சமைக்க வேண்டும். மாங்க்ஃபிஷ் குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் உடையாது, முள்ளும் இல்லை; விலைதான் கடிக்கும். ஹேக் மிக மென்மை. குழம்பில் போட்டால் கரைந்துவிடும், ஆகவே மசாலா தடவித் தோசைக்கல்லில் தோல்பக்கம் முதலில் வறுக்க வேண்டும், திருப்புவது ஒரே முறை. பொல்லாக், லிங் இரண்டும் மலிவு. தேங்காய்ப்பால் விட்ட குழம்புக்கு நன்றாகவே இருக்கும். ரே என்று சிறகு சிறகாக வைத்திருப்பார்களே, அது திருக்கை. வேகவைத்து நரம்பிலிருந்து உதிர்த்து, வெங்காயம் பூண்டு போட்டுப் புட்டு செய்துவிடலாம்.

பழுப்பு நண்டின் ஓடு நம் ஊர் நண்டைவிட ரொம்பத் தடிமன். வெட்டிக் குழம்பில் போட்டால் மசாலா உள்ளே இறங்காது. வேகவைத்த கால்கொடுக்குகளைத் தனியாக விற்பார்கள். அவற்றை வாங்கி, துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் விரிசல் விட்டு, மிளகுக் குழம்பில் கடைசிப் பத்து நிமிடம் போட்டால் போதும்.

மீன் சமைக்கும் நாளில் படுக்கையறைக் கதவுகளை மூடி வையுங்கள். கழிவைச் செய்தித்தாளில் சுற்றி உறைபெட்டியில் வைத்து, குப்பை எடுக்கும் நாளில் வெளியே போடுங்கள். வெளியே பையை விட்டால் கடற்காக்கை கிழித்துவிடும்.

நீங்களே பிடிக்க ஆசையா? கடலில் தூண்டில் போட உரிமம் தேவையில்லை. சால்மனுக்கும் கடல் டிரவுட்டுக்கும்தான் வேண்டும். பாஸ் மீன் 42 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் திருப்பி விட வேண்டும், எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஊரில் தூண்டில் படகுகள் வாடகைக்கு உண்டு. கருவியும் அவர்களே தருவார்கள். கூண்டு வைத்து நண்டு பிடிப்பதற்கும் சட்டம் இருக்கிறது: தொழில் அல்லாதவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை மட்டும், நாளைக்கு ஐந்து நண்டு, ஒரு சிங்கிறால். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பறித்துச் சமைக்க வேண்டாம். கடல்பாசி நச்சு அதில் ஏறியிருக்கலாம். வேகவைத்தாலும் அது போகாது.

சைவக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். ஜூன், ஜூலையில் வெக்ஸ்ஃபர்ட் சாலையோரம் முழுக்கச் சிறு கொட்டகைகளில் ஸ்ட்ராபெரியும் புது உருளைக்கிழங்கும் விற்பார்கள். இந்த மாவட்டத்துப் பொரிகடைகளில் ‘ரிசோல்’ என்று ஒன்று கேளுங்கள்: மசித்த உருளைக்கிழங்கில் மூலிகை இலை சேர்த்து உருட்டிப் பொரித்தது, காரமில்லாத போண்டா என்று வைத்துக்கொள்ளலாம். மீன் பொரித்த எண்ணெயா, மாட்டுக்கொழுப்பா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

7. சால்ட்டி தீவு: கடல் அடங்கிய முதல் நாளே

வந்த அன்றே படகுக்காரரிடம் பேசி, வாரம் முழுவதும் எந்த நாள் சொன்னாலும் வரத் தயார் என்று சொல்லி வையுங்கள். அவர் சொல்லும் முதல் நாளே கிளம்பிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் காற்று மாறிவிடும்.

பெரிய சால்ட்டி கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. சுமார் 89 ஹெக்டேர். தனியார் தீவு. 1943-இல் இதை வாங்கிய மைக்கேல் நீல் தன்னைத் தானே இளவரசராக அறிவித்துக்கொண்டு கல்லில் ஒரு சிம்மாசனமும் கட்டி வைத்தார். அது இன்னும் நிற்கிறது. பகலில் மட்டும், பதினொன்றிலிருந்து நாலரை வரை, பார்வையாளர்களை அனுமதிக்கிறது அந்தக் குடும்பம். வீட்டுப் பக்கம் போகக் கூடாது. இரவு தங்கக் கூடாது.

தீவில் படகுத்துறை கிடையாது. பெரிய படகு கொஞ்சம் தள்ளி நிற்கும். அங்கிருந்து ஒரு சிறு ரப்பர் படகில் ஐந்தாறு பேராக இறங்க வேண்டும். அது கூழாங்கல் கரையை முட்டியதும் கால் நனையத்தான் இறங்குவோம். பாசி படிந்த கற்கள் வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போட்டுக்கொண்டு மாற்றுக் காலுறை பையில் வையுங்கள். முழங்கால் ஆபரேஷன் செய்த பெரியவர்களைக் கூட்டிப்போக வேண்டாம் என்பதுதான் என் யோசனை. கழிப்பறை இல்லை, கடை இல்லை, நிழலும் அதிகமில்லை. புளியோதரையும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

தெற்குப் பக்கப் பாறைகளுக்குப் போனதும் முதலில் வருவது நாற்றம், அடுத்து இரைச்சல், அதற்கப்புறம்தான் பறவை. பாறை விளிம்புகளில் கில்லிமாட்டும் ரேசர்பில்லும் தோளோடு தோளாக நிற்கும். பஃபின்கள் மேலே புல் மேட்டில் வளைக்குள் கூடு வைத்திருக்கும். வளைமேல் உட்காராமல் கொஞ்சம் தள்ளிச் சத்தமில்லாமல் இருந்தால், வாய் நிறையச் சிறுமீனோடு கடலிலிருந்து வந்து பக்கத்திலேயே இறங்கும். மூக்கு படத்தில் பார்த்த அளவு நிறம்தான். ஆள்தான் எதிர்பார்த்ததைவிடச் சின்னது, ஒரு புறா அளவு. தென்கோடியில் கேனட்களின் குடியிருப்பு. பாறை ஓரத்தில் வேலி எதுவும் கிடையாது, குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சி தோற்றபோது பேகனல் ஹார்வி, ஜான் கோல்க்ளாஃப் என்ற தலைவர்கள் இந்தத் தீவின் குகை ஒன்றில்தான் ஒளிந்திருந்தார்கள். காட்டிக்கொடுக்கப்பட்டு வெக்ஸ்ஃபர்ட் பாலத்தில் தூக்கிலிடப்பட்டார்கள்.

8. மற்ற நாட்கள்

காற்றடிக்கும் நாளுக்கு ஊருக்கு மேற்கே பாலிடீக் பரோ: கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒன்பது கிலோமீட்டர் நீளும் மணற்குன்றுத் தொடர். துறைமுகத்திலிருந்தே நடக்கலாம், முடிந்தவரை போய்விட்டுத் திரும்பலாம். மழை நாளுக்கு ஹுக் கலங்கரை விளக்கம். 13-ஆம் நூற்றாண்டில் வில்லியம் மார்ஷல் கட்டிய கோபுரம், இன்றும் விளக்கெரிகிறது, உள்ளே ஏறிப் பார்க்கலாம். காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெக்ஸ்ஃபர்ட் பக்கம் ஜான்ஸ்டவுன் கோட்டையின் தோட்டமும் வேளாண் அருங்காட்சியகமும் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

கடலில் குளிப்பது பற்றி ஒரு வார்த்தை. ஆகஸ்டிலேயே தண்ணீர் பதினைந்து பதினாறு டிகிரிதான். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில், அவர்கள் கொடி நட்ட இடத்துக்குள் மட்டும் இறங்குங்கள். துறைமுகத்துக்குக் கிழக்கே ‘செயின்ட் பேட்ரிக் பாலம்’ என்ற கூழாங்கல் மேடு சின்னத் தீவை நோக்கிக் கடலுக்குள் நீண்டிருக்கும். வற்றும்போது வெளியே தெரியும். நடந்து பார்க்கலாம் என்று தோன்றும். கடல் மறுபடி ஏறும் வேகம் தெரியாதவர்கள் அதில் தூரம் போகக் கூடாது. கடல் வற்றும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் தினமும் காலையில் பாருங்கள். மெட் ஏரன் என்ற வானிலை நிறுவனம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். ஆரஞ்சு என்றால் அலைதடுப்புச் சுவர் பக்கமே போக வேண்டாம். கடலில் யாராவது மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் 112-ஐ அழைத்துக் கடலோரக் காவல் என்று கேளுங்கள். ஊரிலேயே மீட்புப் படகு நிலையம் இருக்கிறது.

துறைமுகத்தில் நடக்கும்போது வலையையும் கயிற்றையும் மிதிக்காமல், படகு இறக்கும் சரிவில் காரை நிறுத்தாமல் இருந்தால் மீனவர்கள் தாமாகவே பேச்சுக் கொடுப்பார்கள். மாலையில் மதுக்கூடத்துக்குக் குடும்பத்தோடு போகலாம். அங்கே சாப்பாடும் கிடைக்கும், பாலில் கொதித்த மீன் சூப்பும் சோடா ரொட்டியும் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோருடன் இரவு ஒன்பது வரை இருக்கலாம், மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி வரை.

9. கிளம்பும் நாள்

பல வீடுகளில் காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும். முந்தின இரவே அடுப்பையும் சுவர் ஓடுகளையும் துடைத்துவிடுங்கள். மஞ்சள் கறை வெள்ளை மேடையில் ஒரு வாரம் ஊறிவிட்டால் போகாது. சோடா உப்பைக் குழைத்துப் பூசி அரை மணி வைத்துத் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். குப்பையை மறுசுழற்சி, உணவுக் கழிவு, மற்றது என்று வீட்டுக்காரர் எழுதி வைத்தபடி பிரித்துப் போடுங்கள். மீட்டரைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, இம்மர்ஷனை அணைத்து, சாவியைப் பெட்டிக்குள் வைத்து எண்ணைக் கலைத்துவிடுங்கள். விமானம் மதியத்துக்கு மேல் என்றால் வழியில் வெக்ஸ்ஃபர்டில் நிறுத்திக் காலி பாட்டில்களை இயந்திரத்தில் போட்டுவிட்டுப் போகலாம். வாடகைக் காரில் எரிபொருளை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், விமான நிலையத்துப் பக்கம் அவசரத்தில் தேட வேண்டியிராது.